அறுந்து விழுந்த "கூடாது": தேடல் முடிவைக் காட்டும் முறை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2021 அக்டோபரில் ட்விட்டரில் ஒருவர் ஒரு ஸ்க்ரீன்ஷாட்டைப் பகிர்ந்தார். வலிப்பு வந்துவிட்டது, இப்போது என்ன செய்வது என்ற பொருளில் கூகுளில் ஆங்கிலத்தில் தேடியதன் விளைவு அது. முடிவுப் பக்கத்தின் உச்சியில், எல்லா இணைப்புகளுக்கும் மேலே, ஒரு பெட்டி. அதற்குள் நான்கு வரிகள். அவரைப் பிடித்து அழுத்துங்கள், அசைவை நிறுத்தப் பாருங்கள். வாயில் ஏதாவது வையுங்கள். வலிப்பு நடக்கும்போதே சி.பி.ஆர். செய்யுங்கள், வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுங்கள். நினைவு தெளியும் வரை உணவோ தண்ணீரோ கொடுங்கள்.

நான்கும் செய்யவே கூடாதவை.

மூலப் பக்கம் ஒரு பல்கலைக்கழக மருத்துவ மையத்தினுடையது. அதில் பிழை ஏதும் இல்லை. அந்த நான்கு வரிகளுக்கும் மேலே, "செய்யாதீர்கள்" என்று பொருள் தரும் சின்னஞ்சிறு தலைப்பு ஒன்று இருந்தது. பக்கத்திலிருந்து பெட்டிக்கு வரும் வழியில் அந்தத் தலைப்பு மட்டும் விடுபட்டுப் போனது.

வலிப்பு வந்தவருக்குச் செய்ய வேண்டியவை எளிமையானவை. சுற்றியுள்ள கூரான பொருட்களை விலக்க வேண்டும், தலைக்கடியில் மெத்தென்று ஏதாவது வைக்க வேண்டும், ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும். வாயில் எதையாவது திணித்தால் பல் உடையும், தாடை காயப்படும். தெளிவு வராதவருக்குத் தண்ணீர் கொடுத்தால் புரையேறும். ஆக, அந்தப் பெட்டி சொன்னபடி நடந்தால் உதவ வந்தவரே தீங்கு செய்தவராகிவிடுவார்.

அதைப் படிக்கிறவர் யார் என்பதையும் யோசிக்க வேண்டும். ஒரு கையில் போன், கண்ணெதிரே துடிக்கும் ஓர் உடம்பு. அவர் பத்து இணைப்புகளைத் திறந்து ஒப்பிட்டுப் பார்க்கப் போவதில்லை. கண்ணில் முதலில் படுவதைச் செய்வார். அப்படிப்பட்டவருக்காகவே அந்தப் பெட்டி உருவாக்கப்பட்டது என்பதுதான் இந்த நிகழ்வை இத்தனை கனமாக்குகிறது.

தமிழில் மருத்துவத் தகவல்களை எழுதுவதும் திருத்துவதும் என் அன்றாட வேலை. தேடல் முடிவுகளைப் புதிது புதிதாகக் காட்டும் முறைகள் பற்றிப் பேசும்போதெல்லாம் நான் இந்த நான்கு வரிகளுக்கே திரும்பி வருகிறேன். ஒரு பக்கத்திலிருந்து ஒரு துண்டை எடுத்து வேறிடத்தில் வைக்கும்போது, அதன் பொருளைத் தாங்கிக்கொண்டிருந்த சட்டகமும் கூடவே வருகிறதா? எந்தப் புதிய வடிவத்தையும் நான் முதலில் கேட்கும் கேள்வி இதுதான்.

துணுக்கின் வேலை மாறிய கதை

தேடல் முடிவு என்றதும் நம் மனத்தில் எழுவது ஒரு பட்டியல். தலைப்பு, முகவரி, அதன்கீழ் இரண்டு வரித் துணுக்கு. பார்க்க எளிமையாக இருந்தாலும் இந்தத் துணுக்குக்குப் பின்னால் நிறைய உழைப்பு இருக்கிறது. ஆவணத்தின் முதல் சில வரிகளை அப்படியே காட்டுவது பழைய வழக்கம். 1998-இல் டாம்ப்ரோஸ், சாண்டர்சன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறொரு வழியைச் சோதித்தார்கள். தேடியவரின் சொற்கள் எந்தெந்த வாக்கியங்களில் வருகின்றனவோ அவற்றைத் தேர்ந்தெடுத்துக் காட்டினார்கள். தனக்கு வேண்டிய ஆவணம் எது என்பதை மக்கள் வேகமாகவும் சரியாகவும் முடிவு செய்தார்கள். முழு ஆவணத்தைத் திறந்து பார்க்க வேண்டிய தேவையும் குறைந்தது. இன்று நாம் காணும் துணுக்கு ஏறக்குறைய இந்த வழியில் வந்ததுதான்.

இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று துணுக்குக்குக் கொடுக்கப்பட்ட வேலை, "இந்தப் பக்கத்தைத் திறக்கலாமா?" என்ற கேள்விக்கு உதவுவது. அது ஒரு வழிகாட்டிப் பலகை. பலகையில் ஓர் எழுத்து விழுந்திருந்தாலும் ஊருக்குப் போய்ச் சேர்ந்த பிறகு உண்மை தெரிந்துவிடும். 2014 ஜனவரியில் கூகுள் ஃபீச்சர்டு ஸ்னிப்பெட் என்ற பதில் பெட்டியைக் கொண்டுவந்தபோது அதே துணுக்கை எடுத்து, பெரிதாக்கி, உச்சியில் வைத்தது. வேலை மாறிவிட்டது. இப்போது அது பலகை இல்லை, அதுவே ஊர். பதில் அங்கேயே முடிந்துவிடுகிறது. ஆனால் துண்டைத் தேர்ந்தெடுக்கும் கை அதே பழைய கைதான்: கேள்விக்கு நெருக்கமான வரிகள் எவை என்று பார்க்கும் கை. அந்த வரிகள் தனியாக நின்றால் உண்மையாக இருக்குமா என்பது அந்தக் கையிடம் ஒருநாளும் கேட்கப்படாத கேள்வி.

கூகுளே நோய்களுக்கு வேறொரு பாதையையும் வைத்திருந்தது. 2015 பிப்ரவரியில் அது தொடங்கிய மருத்துவத் தகவல் பலகைகளின் உள்ளடக்கத்தை மருத்துவர்கள் தொகுத்துச் சரிபார்த்தார்கள். மேயோ கிளினிக்கும் அதில் பங்கெடுத்தது. அதாவது, உச்சியில் வைக்கப்படும் மருத்துவ வாசகத்தை ஒரு மனிதர் படித்துப் பார்த்திருக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நிறுவனத்துக்குள்ளேயே இருந்தது. பதில் பெட்டிக்கு மட்டும் அந்த எண்ணம் நீளவில்லை.

உச்சியில் இருப்பதற்கு நாம் எவ்வளவு எளிதாகத் தலையாட்டுகிறோம் என்பதும் 2021-க்கு முன்பே தெரிந்த செய்தி. 2007-இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில் மாணவர்களுக்குக் காட்டிய முடிவுகளின் வரிசையை அவர்களுக்குத் தெரியாமல் தலைகீழாக்கினார்கள். கண் எங்கே பாய்கிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார்கள். பொருத்தம் குறைந்த முடிவுகள் மேலே வந்தபோதும் மாணவர்கள் மேலே இருந்தவற்றையே அதிகம் தேர்ந்தெடுத்தார்கள். அதே ஆண்டில் மைக்ரோசாஃப்ட் ஆய்வுப் பிரிவின் கட்ரெல், குவான் இருவரும் துணுக்கின் நீளத்தை மாற்றிப் பார்த்தார்கள். தகவல் தேடுபவர்களுக்கு நீண்ட துணுக்கு உதவியது. ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போக நினைத்தவர்களுக்கு அதுவே இடைஞ்சலானது. காரணம், துணுக்கு நீண்டால் கண் அதிலேயே தங்கிவிடுகிறது. கீழே இருந்த முகவரிக்குப் போவது குறைகிறது. நான் இந்த ஆய்வை அடிக்கடி நினைத்துக்கொள்வேன். நாம் ஒன்றைப் பெரிதாகக் காட்டும்போது பக்கத்திலிருக்கும் இன்னொன்று மங்குகிறது. இங்கே மங்கியது, "இதைச் சொன்னது யார்?" என்பதற்கான விடை.

கைவிடப்பட்ட வடிவங்கள்

பட்டியலை மாற்றிக் காட்ட முயன்றவர்கள் நிறையப் பேர். அவர்களில் பெரும்பாலோர் பொருளைச் சிதைக்கவில்லை. வேறு காரணங்களால் தோற்றார்கள். அதனால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

முடிவுகளைக் கொத்துக் கொத்தாகப் பிரிக்கும் எண்ணம் 1992-லேயே ஜெராக்ஸ் பார்க் ஆய்வகத்தில் இருந்தது. 2004-இல் வந்த கிளஸ்டி என்ற தேடுபொறி அதைப் பொதுமக்களிடம் கொண்டுவந்தது: இடப்பக்கம் கோப்புறைகள், வலப்பக்கம் பட்டியல். பல பொருள் உள்ள ஒரு சொல்லைத் தேடுபவருக்கு இது உண்மையிலேயே உதவும். 2005-இல் ஃபின்லாந்தைச் சேர்ந்த மிக்கா காகி, இத்தகைய வகைப்பாட்டை 16 பேருக்கு இரண்டு மாதம் அன்றாடப் பயன்பாட்டுக்குக் கொடுத்துப் பார்த்தார். அவர் கண்டது எனக்கு மிகவும் பிடித்த முடிவு: தரவரிசை கைவிடும் இடத்தில் வகைகள் கைகொடுக்கின்றன. வரிசை சரியாக இருந்தால் யாரும் வகைகளைத் தொடுவதில்லை. கூகுளின் வரிசை பெரும்பாலான தேடல்களுக்குப் போதுமானதாக இருந்ததால் கொத்துகளுக்கு வேலை குறைந்தது. அவ்வளவுதான்.

2001-இல் ஃபிரான்ஸில் தொடங்கிய கார்ட்டூ என்ற தேடுபொறி முடிவுகளை ஒரு வரைபடமாக விரித்தது; 2010-இல் மூடப்பட்டது. 2010 நவம்பரில் கூகுள் கொண்டுவந்த முன்னோட்ட வசதி, கிளிக் செய்யும் முன்பே பக்கத்தின் படத்தைக் காட்டியது; 2013-இல் நிறுத்தப்பட்டது. இது போனதில் எனக்கு வருத்தம் உண்டு. பக்கம் முழுவதையும் அதன் தலைப்புகளோடும் இடஅமைப்போடும் சிறு படமாகக் காட்டிய வடிவம் அது. "செய்யாதீர்கள்" என்ற தலைப்பு அதில் விடுபட வாய்ப்பே இல்லை.

கியூல் பற்றிச் சற்றுக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். 2008 ஜூலை 28 அன்று, கூகுளின் முன்னாள் பொறியாளர்கள் உள்ளிட்ட குழு ஒன்று பெரும் எதிர்பார்ப்போடு தொடங்கிய தேடுபொறி அது. 12,000 கோடிப் பக்கங்களைத் தொகுத்திருப்பதாக அறிவித்தார்கள். முடிவுகளைப் பத்திரிகைப் பக்கம் போல மூன்று பத்திகளில் அடுக்கி, நீண்ட துணுக்கும் படமும் சேர்த்தார்கள். பார்வைக்கு அழகுதான். ஆனால் பல படங்களுக்கும் அவற்றின் அருகே இருந்த முடிவுக்கும் தொடர்பே இல்லை. ஒருவரைப் பற்றிய முடிவுக்குப் பக்கத்தில் வேறொருவரின் முகம் இருந்தது. மூன்று பத்திகளில் எது முதல் முடிவு, எது இரண்டாவது என்பதும் தெரியவில்லை. 2010 செப்டம்பரில் அது மூடப்பட்டது. வலிப்புப் பெட்டியின் பிழைக்கு இது முன்னோடி என்று நினைக்கிறேன். ஓரிடத்திலிருந்து எடுத்த படத்தை இன்னோரிடத்துச் சொற்களுக்குப் பக்கத்தில் ஒட்டினால், அந்த நெருக்கமே ஒரு பொய்யைச் சொல்லிவிடும்.

மறுப்பு எங்கே குடியிருக்கிறது

வலிப்புப் பக்கத்தை எழுதியவர் செய்ததை நாம் எல்லோரும் செய்கிறோம். மேலே ஒரு தலைப்பு, கீழே புள்ளி வைத்து நான்கு வரி. ஒவ்வொரு வரியிலும் "செய்யாதீர்கள்" என்று திரும்பத் திரும்ப எழுதினால் வாசிக்க அலுப்பாக இருக்கும் என்று அதைத் தலைப்பில் ஒருமுறை வைத்துவிடுகிறோம். எழுத்து நடையில் இது நல்ல பழக்கம் என்றே கற்றுத்தருகிறார்கள். தாளிலோ முழுப் பக்கத்திலோ இதில் ஆபத்தில்லை. தலைப்பும் பட்டியலும் ஒரே பார்வைக்குள் இருக்கும்.

துண்டெடுக்கும் நிரலுக்குப் பட்டியல் என்பது வெட்டுவதற்கு வசதியான பொட்டலம். கேள்வி "என்ன செய்வது?" என்பது. பட்டியலின் ஒவ்வொரு வரியும் ஏவல் வினையில் தொடங்குகிறது. கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் வேறு எது? பொருத்தம் என்ற ஒரே அளவுகோலை வைத்துப் பார்த்தால் அந்த நான்கு வரிகளும் அருமையான தேர்வு. பொருளைத் தலைகீழாக்கும் ஒரு தலைப்பு மேலே இருக்கிறது என்ற உணர்வு அந்தத் தேர்வில் வெளிப்படவில்லை.

இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தால் நிலைமை இன்னும் மோசம். நான் எழுதிய பழைய பக்கங்கள் சிலவற்றை எடுத்து, போன் திரையில் துணுக்கு எந்த இடத்தில் வெட்டுப்படுமோ ஏறக்குறைய அந்த இடத்தில் வெட்டி வைத்துப் படித்துப் பார்த்தேன். முதல் வாக்கியம் இது:

"வலிப்பு வந்தவர் தன் நாக்கையே விழுங்கிவிடுவார் என்பது தவறான நம்பிக்கை."

வெட்டிய பிறகு:

"வலிப்பு வந்தவர் தன் நாக்கையே விழுங்கிவிடுவார்…"

நாக்கை விழுங்குவது நடக்காத காரியம். அதை மறுப்பதற்காகவே அந்த வாக்கியத்தை எழுதினேன். வெட்டியபின் நானே அதைச் சொன்னதாக ஆகிவிட்டது. வாயில் எதையாவது திணிக்கும் பழக்கத்துக்கு வேராக இருப்பதே அந்த நம்பிக்கைதான்.

அடுத்த வாக்கியம்: "வலிப்பு முழுவதும் அடங்கும் முன்பே வாயில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்கக் கூடாது." வெட்டினால் "…வாயில் தண்ணீர் ஊற்றிக் கொடுக்க" என்று நிற்கிறது. பதற்றத்தில் படிப்பவர் அதைக் "கொடுக்கவும்" என்று நிரப்பிக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. "அவரைப் பிடித்து அழுத்தியோ, கை கால்களைக் கட்டியோ, வாயில் துணியை வைத்தோ அசைவை நிறுத்த முயலாதீர்கள்." வினையெச்சங்களை அடுக்கிக்கொண்டே போய்க் கடைசியில் ஒரே ஒரு வினைமுற்றில் எல்லாவற்றையும் மறுப்பது தமிழின் இயல்பான நடை. இப்படி எழுதுவதில் எனக்குப் பெருமையும் இருந்தது. ஆனால் அந்த முற்று விழுந்துவிட்டால் முன்னால் நின்ற மூன்று செயல்களும் அனுமதிகளாகிவிடுகின்றன. ஆங்கிலப் பட்டியலில் மறுப்பு தலையில் இருந்தது, தலை அறுந்தது. தமிழ் வாக்கியத்தில் மறுப்பு காலில் இருக்கிறது. துணுக்குகள் பெரும்பாலும் காலைத்தான் வெட்டுகின்றன.

இன்னொரு நுட்பமும் உண்டு. தமிழில் மறுப்பு பல நேரங்களில் தனிச்சொல்லாக வராது; வினைக்குள்ளேயே புதைந்திருக்கும். கொடுங்கள், கொடுக்காதீர்கள், கொடுக்கலாகாது, கொடுக்கவும்: இந்த நான்கையும் வேர்ச்சொல்லுக்குக் குறுக்கினால் எஞ்சுவது "கொடு" ஒன்றுதான். தேடலுக்கு இப்படிக் குறுக்குவது தேவை. "தண்ணீர் கொடுக்கலாமா" என்று கேட்பவருக்குக் "கொடுக்காதீர்கள்" என்ற பக்கமும் கிடைத்தாக வேண்டும். ஆனால் கண்டுபிடிக்க உதவிய அதே குறுக்கலை வைத்துக்கொண்டு எதைக் காட்டுவது என்று தீர்மானித்தால் ஆமென்பதும் இல்லையென்பதும் ஒரே எடை பெற்றுவிடும். கண்டுபிடிப்பது ஒரு வேலை, காட்டுவது வேறு வேலை. இரண்டையும் ஒரே கருவியிடம் ஒப்படைப்பதில்தான் வலிப்புப் பெட்டி போன்றவை பிறக்கின்றன.

பெட்டியைச் சுற்றி நடந்த திருத்தங்கள்

கூகுளுக்கு இந்தச் சிக்கல் தெரியாமல் இல்லை. 2017 மார்ச்சில், ஒபாமா ஆட்சிக் கவிழ்ப்புக்குத் திட்டமிடுகிறாரா என்று கேட்டதற்கு அதன் பேசும் கருவி, ஒரு சதிக்கோட்பாட்டுத் தளத்தின் வாசகத்தைத் தேர்ந்த குரலில் படித்துக் காட்டியது. குரல் வழிப் பதிலில் முகவரியும் இல்லை, அடுத்த முடிவும் இல்லை. ஒரு குரல், ஒரு பதில். 2018 ஜனவரியில் பதில் பெட்டிகளைப் பற்றி விளக்கிய கூகுள், ஊர்வன நல்ல செல்லப்பிராணிகளா என்று கேட்டால் ஒரு பதிலும், கெட்ட செல்லப்பிராணிகளா என்று கேட்டால் அதற்கு நேர்மாறான பதிலும் வரக்கூடும் என்பதைத் தானே எடுத்துச் சொன்னது. கேள்வியின் சாய்வுக்கேற்ற வரியைத் தேடி எடுத்தால் அப்படித்தான் வரும்.

2020-இல் இரண்டு மாற்றங்கள் வந்தன. ஜனவரியில், பெட்டிக்குள் வந்த பக்கம் கீழே முதல் பக்கப் பட்டியலில் மீண்டும் வராதபடி நீக்கினார்கள். இடத்தை மிச்சம் பிடிக்கும் நோக்கில் இது சரியாகத் தோன்றலாம். ஆனால் அதே பக்கம் சாதாரணத் துணுக்காகக் கீழே வந்திருந்தால் வேறொரு வரியைக் காட்டியிருக்கக்கூடும். பெட்டியோடு முரண்படும் ஒரு சாட்சி கண்ணில் பட்டிருக்கும். ஜூனில் வந்த இன்னொரு மாற்றத்தை மனதார வரவேற்கிறேன். பெட்டியின் இணைப்பைத் தொட்டால், பக்கத்தின் தொடக்கத்துக்குப் போகாமல், அந்த வரிகள் இருக்கும் இடத்துக்கே நேராகப் போய் அவற்றை நிறமிட்டுக் காட்டும் வசதி. துண்டு தன் சொந்த இடத்தில், தன் தலைப்போடும் அண்டை வரிகளோடும் நிற்பதை ஒரே தொடுதலில் பார்த்துவிடலாம்.

வலிப்புப் பெட்டிக்குப் பிறகு, 2022 ஆகஸ்டில் அடுத்த கட்டத் திருத்தம் வந்தது. பெட்டிக்கு மேலே பெரிய எழுத்தில் வரும் சொல்லைத் தரமான வேறு பல ஆதாரங்களோடு ஒப்பிட்டு, அவை ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கத் தொடங்கினார்கள். ஆபிரகாம் லிங்கனை ஸ்நூப்பி என்ற கார்ட்டூன் நாய் எப்போது கொன்றது என்பது போன்ற அடிப்படையே இல்லாத கேள்விகளுக்குப் பெட்டி காட்டுவது 40% குறைந்ததாகவும் அறிவித்தார்கள். ஒத்திசைவைப் பார்ப்பது நல்ல முன்னேற்றம். வலிப்புப் பெட்டியின் நான்கு வரிகளை வேறெந்த முதலுதவிப் பக்கத்தோடு ஒப்பிட்டிருந்தாலும் முரண் பளிச்சென்று தெரிந்திருக்கும்.

2024 மே: அறுந்தது தெரியாமல் அறுப்பது

2024 மே 14 அன்று அமெரிக்காவில் கூகுள் தன் ஏ.ஐ. ஓவர்வியூவைப் பொதுப் பயன்பாட்டுக்கு விட்டது. இனி துண்டை எடுத்து ஒட்டுவதில்லை. பல பக்கங்களைப் படித்து இயந்திரமே சொந்த வாக்கியத்தில் பதில் எழுதும். சில நாட்களிலேயே இரண்டு பதில்கள் உலகம் முழுக்கச் சுற்றின. பீட்சாவில் சீஸ் ஒட்டாமல் நழுவினால் சாஸில் நச்சில்லாத பசையைக் கலக்கச் சொன்னது ஒன்று. தினமும் ஒரு சிறு கல்லாவது சாப்பிட வேண்டும் என்றது மற்றொன்று. முதலாவது ரெடிட் என்ற இணைய உரையாடல் தளத்தில் ஒருவர் பதினோரு ஆண்டுகளுக்கு முன் விளையாட்டாக எழுதியது. இரண்டாவது தி ஆனியன் என்ற நையாண்டி இதழில் வந்தது.

பலர் இதைப் பார்த்து, இயந்திரத்துக்குப் பகடி புரியவில்லை என்று முடித்துக்கொண்டார்கள். எனக்கு இது 2021-இன் அதே விபத்தாகத் தெரிகிறது. நையாண்டி இதழின் ஒரு வாக்கியத்தைத் தனியாக எடுத்து வைத்தால் பெரும்பாலும் செய்தி வாக்கியம் போலத்தான் இருக்கும். அதை நையாண்டி ஆக்குவது அதன் உச்சியிலிருக்கும் இதழின் பெயர். ரெடிட் வரியை வேடிக்கை ஆக்குவது அந்த உரையாடலின் தொனியும், கீழே வரும் பதில்களும். அந்த இதழ்ப்பெயரும் உரையாடலும் செய்யும் வேலையைத்தான் "செய்யாதீர்கள்" என்ற தலைப்பும் செய்தது. மூன்றுமே துண்டுக்கு வெளியே நிற்பவை. துண்டு மட்டும் பயணப்பட்டால் மூன்றுமே பின்தங்கிவிடும்.

வேறுபாடு ஒன்று உண்டு, அதுதான் என்னை அதிகம் கவலைப்பட வைக்கிறது. பழைய பெட்டியில் வெட்டிய தழும்பு தெரிந்தது. கரடுமுரடான பட்டியல், நடுவில் புள்ளிகள், சம்பந்தமில்லாமல் தொடங்கும் வரி: கவனமாகப் படிப்பவருக்கு ஏதோ விடுபட்டிருக்கிறது என்ற சந்தேகம் எழ இடமிருந்தது. இயந்திரம் எழுதிய பத்தியில் தழும்பே இல்லை. எல்லாம் ஒரே குரலில், ஒரே சீரான நடையில் ஓடுகிறது. 2023-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் இப்படித் தானே பதில் எழுதும் தேடுபொறிகளான பிங் சாட், நீவா, பெர்ப்ளெக்சிட்டி, யூசாட் ஆகிய நான்கையும் சோதித்தார்கள். எழுதப்பட்ட வாக்கியங்களில் 51.5% மட்டுமே தாம் காட்டிய சான்றுகளால் முழுமையாக உறுதிப்பட்டன. காட்டிய சான்றுகளில் 74.5% மட்டுமே தாம் ஒட்டிக்கொண்டிருந்த வாக்கியத்தை ஆதரித்தன. இவற்றைவிட முக்கியமான கண்டுபிடிப்பு: எந்தப் பதில்கள் சரளமாகவும் பயனுள்ளவையாகவும் தோன்றினவோ அவற்றில் சான்றுகளின் நம்பகத்தன்மை குறைவாக இருக்கும் போக்கு தெரிந்தது.

2024 மே 30 அன்று கூகுளின் தேடல் பிரிவுத் தலைவர் லிஸ் ரீட் விளக்கம் அளித்தார். நையாண்டியையும் பயனர்கள் எழுதும் உரையாடல்களையும் மட்டுப்படுத்தியிருப்பதாகவும், பன்னிரண்டுக்கும் மேற்பட்ட தொழில்நுட்பத் திருத்தங்கள் செய்திருப்பதாகவும் சொன்னார். அந்த ஆதாரங்களை ஒதுக்குவது உடனடி மருந்து. உரையாடல்களில் அனுபவசாலிகள் சொல்லும் உண்மைகளும் அதனோடு சேர்ந்து ஒதுங்கிப்போகும் என்பது அதன் விலை.

கிளிக் செய்யாமல் போனவர் என்ன ஆனார்

முடிவுப் பக்கத்தின் தரத்தை நெடுங்காலம் கிளிக்குகளை வைத்தே அளந்தார்கள். 2009-இல் கூகுள் ஆய்வாளர்கள் மூவர் "நல்ல கைவிடல்" என்ற கருத்தை முன்வைத்தார்கள். எதையும் கிளிக் செய்யாமல் ஒருவர் போய்விட்டால் அது எப்போதும் தோல்வி ஆகாது. முடிவுப் பக்கத்திலேயே விடை கிடைத்துத் திருப்தியாகவும் போயிருக்கலாம். சரியான கவனிப்பு. மணி என்ன, வெப்பநிலை என்ன என்று கேட்பவர் எதற்குக் கிளிக் செய்ய வேண்டும்?

ஆனால் வலிப்புப் பெட்டியைப் பார்த்தவரை இந்த அளவுகோல் எங்கே வைக்கும்? தேடினார், நான்கு வரியைப் படித்தார், எதையும் தொடாமல் போனை வைத்துவிட்டு உதவ ஓடினார். பதிவேட்டில் இது நல்ல கைவிடல். உண்மையில் நடந்திருக்கக்கூடியது அதற்கு நேர் எதிரானது. திருப்தியோடு போனவரையும் தவறாக நம்பிப் போனவரையும் கிளிக் எண்ணிக்கையால் பிரித்தறிய முடியாது. பெட்டிகளும் பத்திகளும் பெருகப் பெருக இந்தக் குருட்டுப் பகுதி பெரிதாகிக்கொண்டே வருகிறது.

சான்று இணைப்புகளைப் பக்கத்திலேயே வைத்திருக்கிறோமே, சந்தேகம் இருந்தால் சரிபார்த்துக்கொள்ளலாமே என்பது வழக்கமான பதில். 2025 மார்ச்சில் அமெரிக்கர்கள் 900 பேரின் தேடல்களைப் பார்த்த பியூ ஆய்வு மையம் இதற்கு ஒரு கணக்கு தந்தது. ஏ.ஐ. சுருக்கம் வந்த பக்கங்களில் வழக்கமான முடிவு ஒன்றைத் தொட்டது 8%. சுருக்கம் வராத பக்கங்களில் 15%. சுருக்கத்துக்குள்ளிருந்த சான்று இணைப்பைத் தொட்டது 1%. சரிபார்க்கும் பொறுப்பைப் படிப்பவரிடம் விட்டால் நூற்றில் ஒரு முறைதான் அந்தக் கதவு திறக்கிறது. இதற்காகப் படிப்பவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பதில் முழுமையாக இருப்பதுபோல் தோன்றினால் யாரும் மேலே தேடமாட்டார்கள். முழுமையாகத் தோன்றும்படி அதை அமைத்தது நாம்தான்.

எங்கே கை வைக்கலாம்

காட்டும் பக்கத்தில் முதல் வேலை, பட்டியலையும் அதன் தலைப்பையும் பிரிக்க முடியாத ஒரே அலகாக நடத்துவது. தலைப்பு இல்லாமல் பட்டியல் வெளியே வரவே கூடாது. இடம் போதவில்லையென்றால் பட்டியலின் வரிகளைக் குறைக்கலாம், தலைப்பைத் தொடக்கூடாது. துணுக்கை எங்கே வெட்டுவது என்பதை எழுத்து எண்ணிக்கையிடம் விடாமல் வாக்கிய எல்லையிடம் விட வேண்டும். தமிழ், ஜப்பானியம், கொரியம் போல வினை கடைசியில் வரும் மொழிகளில் வாக்கியத்தின் நடுவைச் சுருக்கிக் கடைசியைக் காப்பாற்றலாம்: "வாயில் … வைக்கக் கூடாது" என்பது அழகாக இல்லாவிட்டாலும் பொய் சொல்லாது. இதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. இந்த மொழிகளைப் பேசுகிற ஒருவர் வடிவமைப்புக் குழுவில் இருந்து வாய் திறந்தால் போதும்.

உயிருக்கு ஆபத்தான கேள்விகளுக்கு, மனிதர் படித்துச் சரிபார்த்த வாசகம் இல்லாதவரை உச்சிப் பெட்டியே வேண்டாம் என்பது என் நிலைப்பாடு. அங்கே அவசர உதவி எண்ணும், நம்பகமான பக்கங்களின் பட்டியலும் போதும். இது பின்னோக்கிப் போவது என்று சிலர் சொல்வார்கள். பட்டியல் தானாகப் பதில் சொல்லாது என்பதுதான் இந்த இடத்தில் அதன் பலம். எடுத்துச் சொல்பவர் பல பேர் என்பதை அது மறைப்பதில்லை.

எழுதும் பக்கத்தில் இருப்பவர்கள், என்னையும் சேர்த்து, தேடுபொறி திருந்தும் வரை காத்திருக்க முடியாது. எங்கள் வரிகள் எங்கே வெட்டப்பட்டாலும் பொருள் மாறாமல் நிற்க வேண்டும். பார்க்க அலுப்பாக இருந்தாலும் ஒவ்வொரு வரியும் தன் மறுப்பைத் தானே சுமக்க வேண்டும், அதுவும் முடிந்தவரை முன்னால். இப்படி எழுதச் சொன்னால் தமிழ் நடை கெட்டுவிடும் என்று முதலில் எனக்கே தயக்கம் இருந்தது. பேச்சில் நாம் இப்படித்தான் கத்துகிறோம் என்பது பிறகு நினைவுக்கு வந்தது. குழந்தை அடுப்பை நோக்கிப் போனால் "தொடாதே, சுடும்" என்கிறோம். முதலில் வருவது மறுப்பு.

அந்த வலிப்புப் பக்கத்தின் நான்கு வரிகளை என் பக்கத்தில் இப்போது இப்படி மாற்றியிருக்கிறேன். மேலே தலைப்பு இருக்கிறது. அது விழுந்தாலும், வரியின் வால் அறுந்தாலும் எஞ்சுவதைப் படித்துப் பாருங்கள்.

அழுத்தாதீர்கள்: வலிப்பு வந்தவரைப் பிடித்து அசைவை நிறுத்தப் பார்க்க வேண்டாம்.

வைக்காதீர்கள்: வாயில் கரண்டி, துணி, விரல் எதுவும் வேண்டாம், பல்லும் தாடையும் காயப்படும்.

ஊதாதீர்கள்: வலிப்பு நடக்கும்போது வாயோடு வாய் வைத்து மூச்சு கொடுக்க வேண்டாம்.

கொடுக்காதீர்கள்: முழு நினைவு திரும்பும் வரை தண்ணீரோ உணவோ வேண்டாம்.